வலது முன்சில்லின் கீச்சல்: ஒரு மொறிஸ் மைனரின் ட்றம் பிறேக் வேலை

வண்டி 1964ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. நாலு கதவு, 1098 சிசி எஞ்சின், நாலு சில்லிலும் ட்றம் பிறேக். பெரியப்பா வாடகைக்கு ஓட்டிய வண்டி, இப்போது என் கையில். தொண்ணூறுகளில் பெற்றோல் கண்ணில் படாத நாட்களில், ஒஸ்ரின் ஏ40 வண்டிகளோடு சேர்ந்து இதுவும் மண்ணெண்ணெயில் யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடியது. அப்போது வண்டி நகர்ந்தாலே போதும் என்றிருந்தது. பிறேக் கீச்சிடுகிறதா என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. இப்போது எனக்கு நேரமும் இருக்கிறது, அந்த வண்டியில் மனமும் இருக்கிறது.

முறைப்பாடு இதுதான். ட்றம் என்பது சில்லோடு சுழலும் இரும்புக் கிண்ணம். அதற்குள் இருக்கும் வளைந்த ஷூ இரண்டும் விரிந்து உரசித்தான் வண்டி நிற்கும். ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டைதான் லைனிங். முன் ஷூக்கள் நாலுக்கும் புது லைனிங் அடித்தேன். கோடு விழுந்து கிடந்த இடது முன் ட்றம்மை லேத்தில் கடைந்து பூட்டினேன். பத்தாம் நாள் கீச்சல் தொடங்கியது. வேகமாகப் போகும்போது பிறேக் பிடித்தால் சத்தமில்லை. சந்தியை நெருங்கி, வேகம் 20 கிலோமீற்றருக்குக் கீழே இறங்கி, வண்டி நிற்கப்போகும் கடைசிச் சில மீற்றரில் மட்டும் ஒரே சுருதியில் கூரான சத்தம். காலையில் முதல் இரண்டு மூன்று நிறுத்தத்துக்கு வராது. பிறேக் சூடேறியதும் வரும். றிவேர்ஸில் வந்து பிறேக் பிடித்தால் அறவே வராது.

அந்தக் கடைசிக் குறிப்பைத்தான் நான் முதலில் கவனித்திருக்க வேண்டும். ஏன் என்று சொல்ல இந்த முன் பிறேக்கின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது மைனரின் முன் ட்றம் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகியது. பின்னுக்கு அதே 7 அங்குலந்தான். முன்சில்லு ஒவ்வொன்றிலும், பிறேக் ஒயிலின் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிஸ்ரன். ஒரு சிலிண்டர் மேல் ஷூவின் ஒரு முனையைத் தள்ளும். மற்றது கீழ் ஷூவின் எதிர்முனையைத் தள்ளும். வண்டி முன்னோக்கி ஓடும்போது, பிஸ்ரன் தள்ளிய முனையை ட்றம் தன் சுழற்சியாலேயே இன்னும் உள்ளே இழுத்துக்கொள்ளும். காலால் கொடுத்த அழுத்தத்தைச் சில்லே பெருக்கிக் கொடுக்கிறது. சேர்வோ பூஸ்ரர் இல்லாத இந்த வண்டி இவ்வளவு நன்றாக நிற்பது அதனால்தான். பின்னோக்கி ஓடும்போது இழுவை தலைகீழாகிவிடும். ட்றம் ஷூவைத் தள்ளி விலக்கப் பார்க்கும். முன்னுக்கு மட்டும் கீச்சிட்டு றிவேர்ஸில் அமைதி என்றால், சத்தம் அந்த உள்ளிழுக்கும் முனையில் பிறக்கிறது என்று பொருள். லைனிங் சாமான் மோசமென்றால் முன்னுக்குப் போனாலும் பின்னுக்குப் போனாலும் கத்தியிருக்கும்.

கீச்சல் எப்படி வருகிறது என்பதற்கு வயலினை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வில் தந்தியை ஒட்டிப் பிடித்து இழுக்கிறது, பிடி விட்டு வழுக்குகிறது, மறுபடி ஒட்டுகிறது. செக்கனுக்குப் பலநூறு தடவை நடக்கும் இந்த ஒட்டலும் வழுக்கலுந்தான் நாதம். லைனிங் வில், வார்ப்பிரும்பு ட்றம் தந்தி. ட்றம் கிண்ணம் போன்ற வடிவம் என்பதால் மணிபோல அதிர்ந்து அந்தச் சத்தத்தைப் பெருப்பிக்கும். ஐம்பது அறுபதுகளின் சில அமெரிக்கக் கார்களில் ட்றம்மின் வெளிவிளிம்பைச் சுற்றி ஒரு ஸ்பிரிங் பூட்டியிருப்பார்கள். அது மணியைக் கையால் பிடிப்பது போன்ற வேலை. மைனரில் அது இல்லை. வில்லைத்தான் சரிப்படுத்தவேண்டும்.

முதல் இரண்டு தடவை செய்த பிழை

சத்தம் இடது பக்கத்திலிருந்து வருகிறது என்று நம்பினேன். இரண்டு காரணம். ஒன்று, கடைந்தது இடது ட்றம். கை பட்ட இடத்தில்தான் பிழை இருக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் உள்ள எண்ணம். மற்றது, என் காது அப்படித்தான் சொன்னது. வலது பக்க ஆசனத்தில் இருந்து கேட்கும்போது சத்தம் இடப்பக்கம் கேட்டது. எங்கள் ஒழுங்கையில் இடது ஓரமாக ஓட்டும்போது பக்கத்தில் மதில். வலது சில்லில் எழும் சத்தம் வண்டிக்கு அடியால் போய் மதிலில் பட்டுத் திரும்பி வந்து இடது காதில் விழுந்திருக்கிறது. இதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

ஆகவே இடது ட்றம்மைக் கழற்றி, ஷூவின் மேற்பரப்பில் ஏறியிருந்த மினுக்கத்தை எமறித்தாளால் உரஞ்சி எடுத்துப் பூட்டினேன். வித்தியாசம் ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு இரண்டு பக்கமும் கழற்றி, நாலு ஷூவிலும் லைனிங்கின் இரு முனையிலும் ஐந்தாறு மில்லிமீற்றர் நீளத்துக்கு அரத்தால் சரிவு போட்டேன். கூரான விளிம்பு ட்றம்மைக் கொத்தாமல் இருக்கச் செய்யும் பழைய வழக்கம் இது. நல்ல வழக்கமும்கூட. சத்தம் பாதியாகக் குறைந்தது, இரண்டு கிழமை. பிறகு முழுதாகத் திரும்பி வந்தது.

அப்படிக் குறைந்து திரும்பியதும் ஒரு தடயம். விளிம்பை வெட்டியதும் குறைந்ததென்றால் பாரம் அந்த விளிம்பில்தான் நிற்கிறது. லைனிங் முழுவதும் ட்றம்மில் பரவலாகப் பட்டிருந்தால், முனையில் ஆறு மில்லிமீற்றர் போனது இவ்வளவு வித்தியாசம் காட்டாது.

பக்கத்தைக் கண்டுபிடித்தது

சித்தப்பாவின் மகனைக் கூப்பிட்டு, மதில் இல்லாத தோட்ட வெளியில் வண்டியோடு கூட நடக்கச் சொன்னேன். இரண்டாவது நிறுத்தத்திலேயே சொன்னான்: "அண்ணா, இது உங்கட பக்கம். நீங்கள் இருக்கிற சில்லு."

காதை மட்டும் நம்பி ஒரு தடவை ஏமாந்ததால் அதை உறுதிப்படுத்திக்கொண்டேன். ஷூவை ட்றம்முக்குக் கிட்டவோ எட்டவோ வைப்பது அஜஸ்ரர். மைனரின் முன்சில்லு ஒவ்வொன்றிலும் ஷூவுக்கு ஒன்றாக இரண்டு அஜஸ்ரர். பின்சில்லில் ஒன்று. தொப்பியைக் கழற்றி, ட்றம்மின் முகத்தில் உள்ள துளை வழியே ஸ்குறூ டிறைவரை விட்டுத் திருப்பலாம். ஒன்றைத் திருப்பி, சில்லை அரைச் சுற்றுச் சுற்றினால் மற்றது துளைக்கு வரும். வலது முன்சில்லில் இரண்டையும் நாலு கிளிக் தளர்த்திவிட்டு, ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் ஓட்டி நிறுத்தினேன். பெடல் ஆழமாகப் போனது, ஆனால் கீச்சல் இல்லை. வலதைப் பழையபடி இறுக்கி, இடதைத் தளர்த்தினேன். கீச்சியது. அதோடு சந்தேகம் தீர்ந்தது. இந்தச் சோதனையை வீதியில் செய்யவேண்டாம். ஒரு பக்கம் தளர்ந்த முன் பிறேக் வண்டியை இழுத்துக்கொண்டு போகும். ஹான்ட்பிறேக் நன்றாகப் பிடிக்கிறதென்று முதலே பார்த்துவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.

சோக்கட்டி சொன்ன கதை

வலது ட்றம்மைக் கழற்றி, இரண்டு ஷூவின் லைனிங்கிலும் பள்ளிக்கூடச் சோக்கட்டியைத் தடவி வெள்ளையாக்கினேன். ட்றம்மைப் போட்டு, ஷூ மெல்லத் தட்டும் வரை அஜஸ்ரரைக் கூட்டி, கையால் நாலு சுற்றுச் சுற்றிக் கழற்றிப் பார்த்தேன். இரு முனையிலும் இரண்டு விரல் அகலத்துக்குச் சோக் உரஞ்சிப் போயிருந்தது. நடுவில் அப்படியே வெள்ளை, ஒரு கீறல்கூட இல்லை. இடது பக்கம் அதையே செய்தேன். அங்கே முழு நீளத்துக்கும் சீராக உரஞ்சியிருந்தது.

வலது ஷூ ஒன்றைக் கழற்றி வெறும் கையால் ட்றம்முக்குள் வைத்துப் பார்த்தேன். முனை இரண்டும் ஊன்றி நிற்க, நடுவில் வெளிச்சம் தெரிந்தது. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் 0.30 மில்லிமீற்றர் தகடு தடையில்லாமல் உள்ளே போனது. ஷூவின் வளைவு ட்றம்மின் வளைவை விடப் பெரியது. பெரிய சட்டியின் மூடியைச் சின்னச் சட்டியில் வைத்தால் விளிம்பில் மட்டும் இருக்குமே, அப்படி.

ஏன் பெரியது? இரண்டு ட்றம்மையும் லேத்துக்குக் கொண்டுபோய் உள்விட்டத்தை அளந்தோம். 8 அங்குலம் என்றால் 203.2 மில்லிமீற்றர். வலது ட்றம் 203.3. ஏறத்தாழப் புதிது. அது சில வருடத்துக்கு முன் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிப் போட்டது. இடது ட்றம் கடைந்த பிறகு 204.3. லைனிங் அடித்தவரிடம் போய்க் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை.

"தம்பி, நீங்கள் ஒரு ட்றம்தானே கொண்டு வந்தனீங்கள். அது கடைஞ்சு பெருத்திருந்தது. அதுக்குத் தக்கமாதிரித் தடிச்ச லைனிங்தான் நாலுக்கும் அடிச்சன்."

அவர் செய்தது சரியான வேலை. கடைந்த ட்றம்முக்குச் சாதாரணத் தடிப்பில் லைனிங் அடித்தால் ஷூ நடுவில் மட்டும் படும், பெடல் பஞ்சுபோல இருக்கும். அதனால்தான் தடித்த லைனிங். ஆனால் அந்த ஷூவில் இரண்டு, கடையாத வலது ட்றம்முக்குள் போய்விட்டது. ஒரு ட்றம்மை மட்டும் எடுத்துக்கொண்டு போன பிழை என்னுடையது. மற்றதும் அதே அளவில் இருக்கும் என்று எண்ணினேன். அறுபது வயது வண்டியில் எந்த இரண்டு சாமானும் ஒரே வயதில்லை.

எதைக் குறைப்பது?

லேத்துக்காரர் உடனே ஒரு வழி சொன்னார். வலது ட்றம்மையும் 204.3க்குக் கடைந்துவிட்டால் இரண்டும் சமன், ஷூ தானாகப் பொருந்தும், அரை மணி நேர வேலை. ஓர் அச்சின் இரண்டு ட்றம்மும் ஒரே விட்டத்தில் இருப்பதே நல்லதென்று நானும் நம்புகிறவன். ஆனாலும் மறுத்தேன்.

காரணம் கணக்கு. இப்படியான ட்றம்மைப் பொதுவாக ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 60 பங்கு, அதாவது 1.5 மில்லிமீற்றர் வரைதான் விட்டத்தில் கூட்டலாம் என்பது பழைய கராஜ் விதி. அதற்கு மேல் போனால் சுவர் மெலிந்து, சூட்டில் விரிந்து, வெடிப்பும் வரலாம். இடது ட்றம் ஏற்கனவே 1.1 போய்விட்டது. வலதிலும் ஒரு மில்லிமீற்றரைச் சுரண்டினால் நல்ல ட்றம் ஒன்றின் ஆயுளில் பெரும்பகுதியைச் சத்தம் ஒன்றுக்காகத் தூளாக்குகிறேன். லைனிங் எப்போதும் கிடைக்கும். நல்ல மைனர் ட்றம் அப்படியில்லை. விட்டத்தில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் என்பது பிறேக்கின் நெம்புகோல் நீளத்தில் நூற்றுக்கு அரைப் பங்கு. அது வண்டியை ஒரு பக்கம் இழுக்கப் போதாது. இழுப்பது வளைவின் பொருத்தமின்மையும் ஒயில் பட்ட லைனிங்கும் இறுகிய பிஸ்ரனுந்தான். அதனால் ட்றம்மை விட்டுவிட்டு ஷூவைக் குறைக்க முடிவெடுத்தேன்.

செய்த முறை

80ஆம் நம்பர் எமறித்தாளை ட்றம்மின் உட்சுவர் முழுவதும் இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் ஒட்டினேன். ஷூவை அதற்குள் வைத்து, வட்டத்தின் போக்கிலேயே முன்பின்னாக உரஞ்சினேன். இதில் கவனிக்க ஒன்று உண்டு. தாளும் நாடாவும் சேர்ந்து அரை மில்லிமீற்றர் அளவு தடிப்பு. அந்தத் தடிப்பால் ஷூவின் வளைவு உண்மையான ட்றம்மை விடக் கொஞ்சம் சிறியதாக வரும், முதலில் நடுப்பகுதியில் கூடுதலாகப் படும். இந்தப் பக்கம் பிழைத்தால் பாதகமில்லை. நடுவில் படும் லைனிங் அமைதியாகத் தேய்ந்து இரண்டு பக்கமும் பரவும். முனையில் படுவதுதான் ட்றம்மின் இழுவையில் மாட்டி, ஷூவை வளைத்து, விட்டு, மறுபடி மாட்டிக் கத்தும். தடித்த எமறித் துணியை ஒட்டினால் இந்த வித்தியாசம் அளவுக்கு மிஞ்சிவிடும். மெல்லிய தாள்தான் நல்லது.

பத்து உரஞ்சலுக்கு ஒரு தடவை தாளில்லாத இடது ட்றம்மில் வைத்துப் பார்க்கலாம் என்று முதலில் நினைத்தேன். அது அளவு வேறு, பிரயோசனமில்லை. கடைசியில் தாளைப் பாதி வட்டத்துக்கு மட்டும் ஒட்டி, மறுபாதியை வெறுமையாக விட்டேன். உரஞ்சுவது இந்தப் பாதியில், சோக் பார்ப்பது அந்தப் பாதியில். ஒரு ஷூவுக்கு முக்கால் மணி நேரம் சென்றது. முடிவில் நடுவிலிருந்து இரு பக்கமும் லைனிங்கின் முக்கால் நீளத்துக்குச் சோக் உரஞ்சியது. முனைகள் மட்டும் வெள்ளையாக நின்றன. அதோடு நிறுத்தினேன். குறைந்துபோன முனைச் சரிவை அரத்தால் மறுபடி போட்டேன்.

தூசியைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. அந்தக் காலத்து வண்டிகளின் பழைய லைனிங் பெரும்பாலும் அஸ்பெஸ்ரஸ். ட்றம்மைக் கழற்றியதும் காற்றுக் குழாயால் ஊதுவதை எத்தனையோ கராஜில் இன்றும் பார்க்கிறேன். வெறும் வாயால் ஊதுகிறவர்களும் உண்டு. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. அதன் நோய் இருபது முப்பது வருடம் கழித்து வரும். தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடையுங்கள், துணியைப் பையில் கட்டி எறியுங்கள். நான் உரஞ்சியது அஸ்பெஸ்ரஸ் இல்லாத புது லைனிங். அப்படியிருந்தும் முகமூடி போட்டுக்கொண்டு முற்றத்தில் இருந்துதான் செய்தேன்.

பின்தட்டு

வளைவு சரியான பிறகும் அவசரமாகப் பூட்டவில்லை. ஷூக்கள் பூட்டியிருக்கும் சுழலாத தகடுதான் பின்தட்டு. ஷூவின் விளிம்பு உரசிப் போகும் மேடுகள் அதில் இருக்கும். அறுபது வருடம் ஷூ அதே இடத்தில் அசைந்ததால் அந்த மேடுகளில் பள்ளம் விழுந்திருந்தது. நகத்தால் தடவினால் மாட்டும். ஷூ அந்தப் பள்ளத்தில் சிக்கி, விடுபட்டு, சாய்ந்து உட்காரும். மெல்லிய கிறீச்சுச் சத்தங்கள் பல இங்கேதான் பிறக்கின்றன, லைனிங்கில் இல்லை. பள்ளத்தில் வெல்டிங் பொட்டு வைத்து, மட்டமாக அராவினேன். மேடுகளிலும், ஷூ போய்ச் சாயும் இடத்திலும், அஜஸ்ரரின் பல்லிலும் சூடு தாங்கும் பிறேக் கிறீஸை விரல் நுனியால் பூசினேன், குண்டூசித் தலையளவு. கூடப் பூசினால் சூட்டில் உருகி லைனிங்குக்குப் போகும்.

மேல் வீல் சிலிண்டரின் பிஸ்ரன் கையால் தள்ள மறுத்தது. உள்ளே துரு. புதுச் சிலிண்டர் போட்டேன், கீழ்ச் சிலிண்டருக்கும் சேர்த்து. மீள இழுக்கும் ஸ்பிரிங்குகளையும் மாற்றினேன். ரப்பர் ஹோஸை மடித்துப் பார்த்தபோது வெடிப்பு எதுவும் தெரியவில்லை, ஆனாலும் மாற்றினேன். இந்த வண்டியில் பிறேக் ஒயிலுக்கு ஒரே ஒரு பாதைதான். ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சில்லும் போய்விடும். சத்தத்தைத் தேடி ட்றம்மைத் திறக்கிறவர் எவரும் ஹோஸைப் பார்க்காமல் மூடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பெடலை மிதிக்கும்போது சில்லுகளுக்கு ஒயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். பிறேக் ஒயில் விட அதைத் தேடிப்போனால் அது சாரதியின் காலுக்குக் கீழே, சசியின் தண்டுக்குள். தரை விரிப்பைத் தூக்கி, மூடியைக் கழற்றி, அதற்குப் பிறகுதான் ஒயில் மட்டம் தெரியும். இவ்வளவு பாடுபடவேண்டியிருப்பதால் மைனர் வைத்திருப்பவர்கள் அதைப் பார்ப்பதேயில்லை. மாதத்துக்கு ஒருமுறையாவது தூக்கிப் பாருங்கள். மாஸ்டருக்குத் தூரமான சில்லில் தொடங்கி, ஒயில் குழாய்க்குள் சிக்கிய காற்றை எடுத்தேன். பெடல் பாதியில் கல்லாக நின்றது.

மிச்சச் சத்தங்கள்

கீச்சல் போனதும் இன்னொன்று கேட்கத் தொடங்கியது. மெல்லப் பிறேக் பிடிக்கும்போது இடது முன்சில்லில் "டிக்... டிக்" என்று ஒரு தட்டல். இதுவரை கீச்சல் அதை மறைத்திருந்தது. இதைக் கண்டுபிடிக்க நேரமெடுக்கவில்லை. கடைந்த ட்றம்மின் உட்சுவரில் நகத்தை வைத்து இழுத்தபோது நுண்ணிய புரிகள் தட்டுப்பட்டன. லேத்தில் கத்தியை வேகமாக ஓட்டினால் ட்றம்முக்குள் ஸ்குறூ ஆணிபோலப் புரி விழும். ஷூ அந்தப் புரியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஏறும், ஓர் அளவுக்கு மேல் ஏறமுடியாமல் ஸ்பிரிங் இழுத்துப் பின்தட்டில் அடிக்கும். அதுதான் தட்டல். 120ஆம் நம்பர் எமறித்தாளால் புரிக்குக் குறுக்காக, ஒழுங்கில்லாமல் எல்லாத் திசையிலும் உரஞ்சினேன். போய்விட்டது. கடையக் கொடுக்கும்போதே கடைசி வெட்டை மிக மெதுவாக ஓட்டச் சொல்லியிருந்தால் இது வந்திருக்காது.

பின்னுக்கு வலது ட்றம்மைத் திறந்தபோது ஷூ கறுத்து ஈரமாக இருந்தது. அச்சின் ஒயில் சீல் கசிந்து கியர் ஒயில் வந்திருக்கிறது. லைனிங்கைப் பெற்றோலில் கழுவி நெருப்பில் காட்டிக் காயவைத்துப் பூட்டும் வழக்கம் எங்களிடம் இருக்கிறது. வேண்டாம். ஒயில் லைனிங்கின் உட்புறம் வரை ஊறிவிடும். முதல் சூட்டில் மறுபடி மேலே வரும். சீலை மாற்றி, பின் ஷூ நாலையும் புதுப்பித்தேன். இந்த முறை இரண்டு ட்றம்மையும் கொண்டுபோனேன்.

புது லைனிங்கைப் படியவைக்க, கோப்பாய்ப் பக்கம் வெறிச்சோடிய காலை நேரத்தில் 50 கிலோமீற்றரிலிருந்து 10 வரை இருபது தடவை அழுத்திப் பிடித்தேன், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நிமிடம் ஆறவிட்டு. எங்கள் மண்ணில் இறக்கம் இல்லை, வேகமும் இல்லை. தொட்டுத் தொட்டே ஓட்டினால் லைனிங் படியாமல் மினுக்கம் ஏறும். ஆகவே இதை வேண்டுமென்றே செய்யவேண்டியிருந்தது.

ஆறு கிழமை கழித்து வலது முன் ட்றம்மைத் திறந்தேன். லைனிங்கில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே மங்கல் சாம்பல் நிறம், சரிவு போட்ட விளிம்புகள் மட்டும் புதிதாக. சத்தம் இல்லை. பின் வலதில் சீலைச் சுற்றி இலேசான ஈரம் மறுபடி தெரிகிறது. அச்சில் ஒயில் மட்டம் கூடியிருக்கலாம். அடுத்த ஞாயிறு மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் சீலில் கை வைப்பேன். முன் ட்றம் இரண்டின் வெளிவிளிம்பிலும் வெள்ளைப் பெயின்ரால் எழுதிவிட்டேன்: இடது 204.3, வலது 203.3.